கரடிக்காக ஒரு ரிவால்வர்

போன மாதம், மன்றத்தில் சுடுதளக் கண்காணிப்பு வேலை பழகும் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "அக்கா, வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போறேன், காட்டுக்குப் போறேன், பெரிய கேலிபர் ரிவால்வர் எது நல்லதுன்னு மெம்பர் யாராச்சும் கேட்டா என்ன சொல்றது? நம்ம மேனுவல்ல அதப் பத்தி ஒண்ணும் இல்லையே."

நான் ஏதோ பதில் சொன்னேன். சிராங்கூனில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாதுகாவல் நிறுவனத்தில் ஆயுதம் ஏந்தும் காவலராகச் சேர்ந்தேன். அங்கேயே சுடப் பழக்குபவளானேன். பிறகு இந்தத் துப்பாக்கி சுடும் மன்றத்துக்குச் சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசராக வந்து, இங்கிருந்தே ஓய்வு பெற்றேன். நம் ஊரில் யாரும் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் மன்றத்தின் ஆயுத அறையில் பூட்டிக் கிடக்கும். அதனால் "காட்டில் எதை மாட்டிக்கொண்டு நடப்பது" என்ற கேள்வி எங்களிடம் வருவதே அபூர்வம். அது உண்மையான தேவையோடு வந்தது ஒரே ஒரு தடவைதான்.

நசீர் நம் மன்றத்தின் பழைய உறுப்பினர். தெம்பனிஸில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவு மேலாளர். சனிக்கிழமை தவறாமல் வருவார். குண்டு சிறிதான சின்னக் கேலிபர் கைத்துப்பாக்கியால் காகித இலக்கைச் சுடுவார், நன்றாகவே சுடுவார். சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. அன்றைக்கு மனைவி ஃபரீதாவோடு வந்து கவுன்டரில் நின்றவர் வேறு ஆள் போல இருந்தார்.

"அக்கா, நம்மகிட்ட இருக்கறதிலயே பெரிய ரிவால்வர் எது?"

"யாருக்கு?"

"இவளுக்கு."

ஃபரீதா நாற்பதைத் தாண்டியவர், என் தோளுயரம்தான் இருப்பார். மண்ணியல் படித்தவர். கனிமம் தேடும் நிறுவனம் ஒன்றில் நெடுங்கால வேலை. இந்தோனேசியா, மங்கோலியா என்று பல இடங்களில் பாறை உடைத்துவிட்டு, அந்த ஆண்டு கோடைக்கு அலாஸ்காவில் ஒரு முகாமுக்குப் போகவிருந்தார். அதற்கு முந்தைய கோடையில் அந்த முகாமைச் சேர்ந்த ஒருவரைப் பழுப்புக் கரடி தாக்கியிருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை போய்விட்டது. அதன்பின் நிறுவனம் விதி போட்டது: முகாமைவிட்டு நடந்து போகிறவர்கள் மிளகு ஸ்பிரேயோடு துப்பாக்கியும் வைத்திருக்க வேண்டும். ரைபிளா, பெரிய ரிவால்வரா என்பது அவரவர் முடிவு. சுத்தியலும் பாறைத் துண்டுகளுமாக நாள் முழுக்க இரண்டு கையும் வேலையில் இருக்கும் ஃபரீதாவுக்கு ரைபிள் சரிப்படாது. மார்பில் உறை போட்டு மாட்டிக்கொள்ளும் ரிவால்வர்தான். துப்பாக்கியை அங்கே கொடுத்துவிடுவார்கள். எது வேண்டும் என்று இங்கிருந்தே சொல்லியனுப்ப வேண்டும். அதற்காகவே அவர் உறுப்பினராகச் சேர்ந்து அடிப்படைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்திருந்தார்.

"ஃபைவ் ஹண்ட்ரட்னு ஒரு கேலிபர் இருக்காம் அக்கா, நெட்ல பார்த்தேன்," என்றார் நசீர். "ஒரே அடி, கரடி காலி. அது நம்மகிட்ட இல்லைன்னு தெரியும். ஃபார்ட்டி ஃபோர் இருக்குல்ல? அதுல பழகிட்டுப் போயிட்டா, அங்க அதவிடப் பெருசா வாங்கிக்கலாம் லா."

நான் ஃபரீதாவைப் பார்த்தேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. கரடி ஓடி வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

"கரடி எனக்குத் தெரியாது. நான் இந்த ஊர்ல பார்த்த பெரிய மிருகம் காட்டுப்பன்றி. அதுவும் காருக்குள்ள இருந்து. கரடியப் பத்தி அங்க உள்ளவங்ககிட்ட கேளுங்க. துப்பாக்கியப் பத்தி என்கிட்ட கேளுங்க. மொதல்ல கையக் காட்டுங்க."

சுத்தியல் பிடித்துக் காய்த்த கை, ஆனால் சின்னக் கை. காலி ரிவால்வர் ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். விரல் ட்ரிகரை எட்டியது, நுனியால் மட்டும். நசீர் என் காதருகே குனிந்து, "பெருசா இருந்தாத்தான் அக்கா சேஃப்," என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அங்கே துப்பாக்கி தேர்வு செய்துகொண்டிருந்தது நசீர் இல்லை, நசீரின் பயம்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். பெரிய கேலிபர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அது தங்கள் கைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதில்லை. மனதில் இருக்கும் மிருகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய துப்பாக்கி கேட்கிறார்கள்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு மலாய்க்காரர். அதிகம் பேசமாட்டார். பெரிய ரிவால்வரை முதன்முதலாகத் தொடுகிறவருக்கு, அவர் யாராக இருந்தாலும், ஒரு தோட்டாதான் போடவிடுவார். சுட்டு முடித்து, திறந்து, காட்டி, பிறகு இன்னொன்று. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். விரலால் கூரையைக் காட்டினார். சுடும் வரிசைக்கு நேர் மேலே மரப்பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. அவ்வளவுதான் விளக்கம். அதன்பின் நானும் அந்த வழக்கத்தை விட்டதில்லை.

முதல் வாரம் ஃபரீதாவுக்குச் சின்னக் கேலிபரில் பழக்கம் கொடுத்தேன். இரண்டாம் வாரம், கனமான எஃகு ரிவால்வரில், மருந்து குறைந்த, உதை லேசான தோட்டாவில், ஒன்று ஒன்றாக. ஒவ்வொரு தடவையும் சுட்டுவிட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பார், பிறகு தலையை ஆட்டுவார். பயந்த மாதிரி தெரியவில்லை. கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை நசீரும் எங்களுக்கு அடுத்த லேனில், தடுப்புக்கு அந்தப் பக்கச் சுடும் இடத்தில், நின்றார். பெரிய ரிவால்வரைத் தானும் சுட்டுப்பார்க்க வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டு வாங்கியிருந்தார். அந்த லேனுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரே ஒரு தோட்டாவைத்தான் போடச் சொன்னார். அவர் இன்னொரு உறுப்பினரின் காதுமூடியைச் சரிசெய்யத் திரும்பிய நேரத்தில் நசீர் ஆறு அறையையும் நிரப்பிவிட்டார். பிற்பாடு கேட்டபோது, "அஞ்சாறு வருஷமா சுடறேனே அக்கா, பழகினவன்தானே," என்றார். அவர் பழகியது வேறு துப்பாக்கி.

ஃபரீதாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் பார்த்தேன். நசீரின் பிடியில் இறுக்கம் இல்லை. முழங்கை மடங்கி, துப்பாக்கி முகத்துக்கு மிக அருகில் இருந்தது. கத்தலாமா என்று நினைத்தேன். ட்ரிகரில் விரல் வைத்திருப்பவர் அருகே திடீரென்று கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் வெடித்துவிட்டது.

ஒரு வெடி அல்ல, இரண்டு. நடுவில் மூச்சுவிட இடமில்லாமல், ஒன்றையொன்று ஒட்டி. முதல் குண்டு இலக்குப் பக்கம் போனது. அதன் உதையில் குழல் மேலே எகிற, தளர்ந்திருந்த கை துப்பாக்கியைத் தவறவிடாமல் இருக்கத் தானாக இறுக்கிப் பிடிக்க, ட்ரிகரில் இருந்த விரலும் சேர்ந்து இறுகியது. இரண்டாவது குண்டு நேர் மேலே போனது. மரத்தூள் எங்கள் தலையில் கொட்டியது. குழலின் முனை நசீரின் நெற்றியில் இடித்துக் கிழித்திருந்தது.

ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அப்போதுதான் ஆரம்பித்தது.

காது அடைத்து, ரத்தம் கண்ணில் வழிய, என்ன நடந்தது என்றே புரியாமல் நசீர் எங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தார். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" கையில் ரிவால்வர். உள்ளே இன்னும் நான்கு தோட்டா. விரல் ட்ரிகர் வளையத்துக்குள். குழல் சுவரைக் கடந்து, லேன் தடுப்பைக் கடந்து, ஃபரீதாவின் இடுப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் மனம் எப்படி வேலை செய்யும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அப்போது கண்ணில் பட்டது ஒன்றுதான்: தோட்டாவை அடிக்கும் சுத்தி கீழே படிந்திருந்தது. சுத்தி படிந்திருந்தால், அடுத்த தோட்டா வெடிக்க, தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் சுழன்றாக வேண்டும். சுழலவிடாமல் பிடித்தால் வெடிக்காது. குழலுக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் புகுந்து, இடது கையால் சிலிண்டரைச் சுற்றி இறுக்கினேன். வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கம் தள்ளினேன். என் விரல்களுக்கு அடியில் சிலிண்டர் ஒரு தடவை அசையப் பார்த்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. அவர் விரல் அழுத்திக்கொண்டிருந்தது, அவருக்கே தெரியாமல்.

"நசீர், சுவரைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க. சுவரை. அதோ, சுவரை."

தாலாட்டுப் பாடுவதுபோல மெதுவாகத்தான் சொன்னேன். காதுமூடியோடு அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். கை தளர்ந்தது. ரிவால்வரை எடுத்துத் திறந்து தோட்டாக்களைக் கொட்டிய பிறகுதான் எல்லா லேனிலும் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தேன். ஏற்கெனவே எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

ஃபரீதா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கையிலிருந்த துப்பாக்கியை மேசையில் வைத்து, குழலை இலக்குப் பக்கம் திருப்பி, இரண்டு கையையும் அதிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அந்தக் கலவரத்தில் யாரும் சொல்லாமலே அதைச் செய்திருந்தார். இந்த அம்மாவிடம் துப்பாக்கி கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

முதலுதவி முடிந்து கேன்டீனில் உட்காரவைத்தோம். நசீர் நெற்றியில் கட்டோடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் ஃபரீதா. சொந்த ஊர் பாஷையில் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"மச்சான், என்னையக் காப்பாத்தத்தானே இவ்வளவும்?"

நசீர் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கறதிலயே பெருசு வேணும், பெருசு வேணும்னு ஒரு மாசமா உசுர எடுத்தீங்க. கரடிகிட்ட போறதுக்கு முன்னாடி உங்க கையாலயே போயிருப்பேன்."

"விட்டுரும்மா, போகாத," என்றார் நசீர். "வேலைய விட்டுரு. வேற வேலை பாத்துக்கலாம்."

"இது என் வேலை." ஃபரீதா எழுந்துபோய் பாலில்லாத தே ஓ டீ மூன்று வாங்கிவந்து, ஒன்றை நசீருக்கு முன்னால் வைத்தார்.

விசாரணை நடந்தது. நசீரின் சுடும் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. அது சரிதான். மன்றக் குழுவில் சிலர் ஃபரீதாவையும் நிறுத்திவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க எப்படியும் போகத்தான் போறாங்க. இங்க பழகாம போனா, அங்க முகம் தெரியாத ஒருத்தர் கையில எதையோ கொடுத்து, பத்திரம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அது நமக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். கடைசியில் ஃபரீதா தனியாக, என் மேற்பார்வையில் மட்டும் தொடரலாம் என்று முடிவானது. நசீர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், உள்ளே வரக் கூடாது.

இனி அசல் கேள்வி: எது?

நம்மிடம் அப்போது பெரிய ரிவால்வர் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே கேலிபர். ஒன்று எஃகு, நல்ல கனம். மற்றொன்று லேசான உலோகக் கலவை. கையில் எடுத்தாலே பொம்மை மாதிரி இருக்கும். ஃபரீதாவுக்கு லேசானதைத்தான் பிடித்தது. அதில் தப்பில்லை. சுடுவது ஒரு நாளோ, ஒரு நாளும் இல்லையோ. சுமப்பது தினமும். கனமாக இருக்கிறதென்று முகாமிலேயே விட்டுவிட்டுப் போனால் உலகத்திலேயே சிறந்த ரிவால்வரும் உதவாது.

அதற்கு அவரே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். எஃகு ரிவால்வரின் எடைக்கு ஈடாகத் துவரம்பருப்புப் பொட்டலங்களை அளந்து கட்டி, குழந்தையை மார்பில் சுமக்கும் பையில் போட்டு மாட்டிக்கொண்டு, தம் அடுக்குமாடி வீட்டின் படிகளில் ஏறி இறங்கினார். அதோடு கடைக்குப் போனார், குனிந்து வீட்டைப் பெருக்கினார், பஸ்ஸில் ஏறினார். ஒருநாள் தேக்கா சந்தைக்கே அப்படிப் போய்விட்டார். கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "புள்ள தூங்குதாக்கா?" என்று கேட்டாராம். "ஆமா, பருப்பு தூங்குது," என்றாராம். இரண்டு வாரம் கழித்து வந்து, "தூக்க முடியுது அக்கா. ஆனா லேசானதே வேலைக்கு ஆகும்னா, எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று கேட்டார்.

"ஆகுமான்னு பாத்துடலாம்," என்றேன்.

அன்றைக்கு லேனில் நாங்கள் இருவர் மட்டும். லேசான ரிவால்வரில் முழு வேகத் தோட்டா. முதலில் ஒன்று ஒன்றாகச் சுட்டார். உதை கையை முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார், ஆனால் பிடி நழுவவில்லை. பிடியில் எனக்குத் திருப்தி வந்தபிறகு ஆறும் நிரப்பச் சொன்னேன். கரடிக்கு முன்னால் எப்படிச் சுடுவாரோ அப்படி, ஒன்றன்பின் ஒன்றாக, நிதானம் கெடாமல்.

நான்கு வெடித்தன. ஐந்தாவது வெடிக்கவில்லை.

"அக்கா, இழுக்க முடியல."

"அப்படியே இருங்க. இலக்கைப் பாருங்க. விரலை வெளிய எடுங்க."

விரல் வெளியே வந்தது. கைகள் நீட்டியபடியே இருந்தன. "அக்கா, என்ன ஆச்சு அதுக்கு?"

"தெரியல. தெரியற வரைக்கும் அது வெடிக்கப்போகுதுன்னே வச்சுக்குவோம். பேசாம பிடிச்சிருங்க."

துப்பாக்கி வேலை செய்யவில்லையென்றால் உடனே திருப்பி, குழலுக்குள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். அது மனித இயல்பு. சில சமயம் உள்ளே நெருப்பு தாமதமாகப் பிடிக்கும். சில சமயம் குழலில் குண்டு சிக்கியிருக்கும். அதனால் காத்திருந்தோம். ஃபரீதாவின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. லேசான துப்பாக்கிதான், ஆனால் நீட்டிப் பிடித்தபடி காத்திருந்தால் எதுவும் கனக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நசீர் எழுந்து நின்றுவிட்டார், இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்திருந்தன. பார்க்காதீர்கள் என்று நான் ஃபரீதாவிடம் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியபோதுகூடக் கையை எடுக்கவில்லை.

போதும் என்று தோன்றியபோது பின்னாலிருந்து கையைச் சேர்த்துப் பிடித்து ரிவால்வரை வாங்கினேன். சிலிண்டர் சுழலவில்லை, திறக்கவும் இல்லை. ஆயுத அறைக்காரர் வந்து பொறுமையாகத் திறந்து, வெடிக்காத இரண்டு தோட்டாக்களையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஃபரீதாவிடம் காட்டினேன். ஒரு தோட்டாவில், முன்னால் இருக்கும் ஈயக் குண்டு கூட்டிலிருந்து பாதி வெளியே நழுவியிருந்தது. அது நீட்டிக்கொண்டு போய்த் துப்பாக்கியின் உடம்பில் முட்டி, சிலிண்டரை நிறுத்திவிட்டது.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் மத்த தோட்டாவெல்லாம் பின்னால போகுது. குண்டு மட்டும் நின்ன இடத்துலயே நிக்கப் பாக்குது. கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டு வந்துருச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான். துப்பாக்கி எவ்வளவு லேசோ உதை அவ்வளவு பலம். வேற தோட்டா போட்டா இது நடக்காம இருக்கலாம். ஆனா அங்க என்ன தோட்டா கிடைக்கும்னு நமக்குத் தெரியாது."

"அங்க இது நடந்திருந்தா?"

அந்தத் தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். 

அங்கே எது வேண்டுமென்று அன்றைக்கே முடிவெடுத்தார். எஃகு. நடுத்தர நீளக் குழல். கைப்பிடி மட்டும் அவர் விரலுக்கு ஏற்றபடி ஒடுங்கியதாக. தோட்டா, கடையில் கிடைப்பதிலேயே பலமானது அல்ல, அதற்கு ஒரு படி கீழே. வெளியே வந்ததும் நசீர் கேட்டார்: "ஒரு படி கொறச்சலா போட்டா, கரடி நிக்குமா?"

"மச்சான், பலமானதுல என்னால ஒண்ணுதான் ஒழுங்கா சுட முடியுது. ரெண்டாவது எங்க போகுதுன்னு எனக்கே தெரியல. இதுல ரெண்டாவதும் மூணாவதும் நான் பாக்கற இடத்துக்குப் போகுது. நான் எனக்கு முடிஞ்சத எடுத்துட்டுப் போறேன்."

நசீர் வாதாடவில்லை. நான் பல வருடம் வகுப்பெடுத்துச் சொல்ல முயன்றதை அவர் மனைவி கேன்டீன் வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

ஃபரீதா கிளம்பிப்போனார். நசீருக்குச் சுட அனுமதியில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்து கேன்டீனில் உட்கார்ந்திருப்பார். அங்கே அவளுக்கு நேற்று, நமக்கு இன்று என்று நேரக் கணக்குப் போட்டபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நசீர் அழைத்தார்.

"அக்கா, ஃபரீதா சுட்டுட்டா."

மீன்காரர் மிச்சச் சில்லறையை நீட்டியபடி நின்றார்.  "யாரை?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்குக் காரணம், இந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

"கரடி. கரடியத்தான். அவ நல்லா இருக்கா. அவ்வளவுதான் சொன்னா, வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா."

அங்கே குளிர் தொடங்குமுன் ஃபரீதா திரும்பினார். வந்த அடுத்த ஞாயிறு மூவரும் தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தோம். நிறைய மெலிந்திருந்தார். மீ கோரெங் நூடுல்ஸை முட்கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தவர், யாரும் கேட்காமல் தானாகவே ஆரம்பித்தார்.

அவரும், டேவ் என்ற உடன் வேலை செய்பவரும் ஓர் ஓடைக்கரையில் பாறை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்ல பகல். தண்ணீர்ச் சத்தத்தில் கரடிக்கு இவர்கள் இருப்பது தெரியவில்லை, இவர்களுக்குக் கரடி இருப்பது தெரியவில்லை. புதர் அசைந்தபோது நடுவில் அதிக தூரமில்லை. டேவ் ஸ்பிரேயை அடித்தார். காற்று எதிர்ப்பக்கம். எல்லாம் அவர் முகத்துக்கே திரும்பி, கண் தெரியாமல் முழங்காலில் விழுந்துவிட்டார்.

"நான் தமிழ்லதான் பேசினேன் அக்கா. போ, போயிடு, ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன், போயிடுன்னு. நின்னுச்சு. கொஞ்சம் பின்னால போச்சு. போயிருச்சுன்னு நெனச்சேன். திரும்பி ஓடி வந்துச்சு. மொதல் குண்டுல தோள்பட்டை மடங்கி விழுந்துச்சு. எந்திரிச்சு மறுபடி வந்துச்சு. ரெண்டாவது சுட்டேன். அப்புறம் எந்திரிக்கல."

நசீர் முன்னால் குனிந்தார். "எவ்வளவு தூரத்துல?"

ஃபரீதா எங்கள் மேசைக்கும் அடுத்த மேசைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தார்.

"டேவ் கண்ணு தெரியாம என் காலப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். முடியல அக்கா. அது மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் துப்பாக்கிய அது மேலயே நீட்டிக்கிட்டு நின்னேன். இன்னொன்னு சுட்டு முடிச்சு வச்சிருக்கலாம். எந்திரிச்சு வந்தா தேவைப்படுமேன்னு, சுடல. ஓடைச் சத்தத்துக்கு மேல அந்த மூச்சுதான் கேட்டுச்சு. வயசான மனுசன் தூங்குற மாதிரி." முட்கரண்டியைக் கீழே வைத்தார். "எல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க. அது சாகறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் நீங்க சொல்லவே இல்லயே அக்கா."

அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது ஃபரீதா," என்றேன். "நான் வாழ்நாள் பூரா காகிதத்தைத்தான் சுட்டிருக்கேன்."

சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தட்டுச் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். நசீர் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தது தெரிந்தது. எந்த இடத்தில் பட்டது, எத்தனை அடி தள்ளி விழுந்தது, அப்படி ஏதோ. கேட்கவில்லை. தம் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, மனைவி பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தார்.

அடுத்த கோடையில் ஃபரீதா மறுபடி போனார், அங்கே அதே ரிவால்வர்தான். நான் ஓய்வுபெறும் வரைக்கும் அதன்பின் இன்னும் சிலர் வேட்டைக்கென்று பெரிய ரிவால்வர் கேட்டு என்னிடம் வந்தார்கள். கையைப் பார்த்தேன், எடையைச் சொன்னேன், ஒரு தோட்டாவில் ஆரம்பித்தேன், ஐந்தாவது தோட்டாவில் என்ன நடக்கலாம் என்று காட்டினேன். எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும் நேரத்தில், ஓடைக்கரையில் துப்பாக்கியை நீட்டியபடி ஒரு பெண் கேட்டுக்கொண்டு நின்ற அந்த மூச்சைப் பற்றியும் சொன்னேன். சிலர் அடுத்த வாரமும் வந்தார்கள். சிலர் வரவில்லை. வராதவர்களை நான் கூப்பிட்டுக் கேட்டதில்லை.